பனிக்காலம் போகட்டும் என்று நீங்கள் தள்ளிவைத்த பார்க்கிங் பிரேக்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர், வாரண்டிப் பிரிவு மேலாளர்

பொருள்: பனிக்காலத் தொடக்கத்தில் சொன்ன பார்க்கிங் பிரேக் பழுதை இன்றுவரை சரிசெய்யாதது, இப்போது வாரண்டியும் கிடையாது என்பது

ஐயா / அம்மா,

வணக்கம். இப்படி ஒரு கடிதம் எழுதும் நிலை வராது என்றுதான் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று உங்கள் வாரண்டிப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சலைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பார்க்கிங் பிரேக் பற்றிய புகார் வாரண்டி முடிந்த பிறகுதான் முதன்முதலாகப் பதிவாகியிருக்கிறதாம், அதனால் செலவு என்னுடையதாம். முதன்முதலாகவா? பனி விழ ஆரம்பிப்பதற்கு முன்பே உங்கள் கவுண்டரில் வந்து நின்று நான் சொன்ன முதல் வார்த்தையே ஹேண்ட்பிரேக்தான்.

வண்டி எண், சேசிஸ் எண் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் அதை முழுசாக ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறீர்கள், அதனால் இங்கே மறுபடி எழுதவில்லை. பழுது என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் பதிவேட்டில் வேறு கதை இருப்பதால் சொல்கிறேன். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்தது. பார்க்கிங் பிரேக் சுவிட்சை இழுத்தால் வலது பின்சக்கரத்தில் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும், இடது பக்கம் ஒரு 'டக்', அவ்வளவுதான். சமதளத்தில் வண்டி நின்றது. கொஞ்சம் சரிவாக இருந்தால் மெல்ல நகர்ந்தது. இதைத்தான் சொன்னேன், இதே வரிசையில் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் தலையாட்டிக்கொண்டே தட்டச்சு செய்தார்.

அவர் தட்டச்சு செய்தது என்ன என்பது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. "பின் பிரேக்கில் சத்தம், பொதுச் சோதனை." ஜாப் கார்டில் இவ்வளவுதான் இருக்கிறது. பார்க்கிங் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒருத்தி வந்து நின்று சொன்னதை இப்படி எழுதிவைத்த அந்த ஒரு வரியை வைத்துத்தான் இப்போது என் வாரண்டியை மறுக்கிறீர்கள். அன்றைக்கே எடுத்த டாஷ்போர்டு படம் என் போனில் தேதியோடு இருக்கிறது. உங்கள் ஸ்கேன் கருவியில் வந்த பிழைக்குறிப்பும் உங்கள் கணினியில் தேதியோடு இருக்கத்தான் வேண்டும். அதை ஏன் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

உங்கள் ஆட்கள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. பட்டறைக்குள் வேலை செய்த ஒரு இளைஞர் மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டு, சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். இடது காலிபரில், அதாவது சக்கரத்தின் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதியில், இருக்கும் மோட்டாரின் கனெக்டருக்குள் பின்களெல்லாம் பச்சைக் களிம்பு. பிளாஸ்டிக் மூடியின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. சீல் போய்விட்டது, தண்ணீர் இறங்கிவிட்டது, சாலையில் உப்புப் போட ஆரம்பித்தால் இன்னும் வேகமாக அரிக்கும், உடனே மாற்றிவிடுவது நல்லது என்றார். அந்தப் பையன் ஒருவர்தான் உங்கள் நிறுவனத்தில் உண்மையைச் சொன்னவர். தயவுசெய்து அதற்காக அவரைப் போட்டு வாட்டாதீர்கள்.

உடனே மாற்ற வேண்டியதை ஏன் மாற்றவில்லை? பாகம் வரவில்லை. சரி, பாகம் வர நாளாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனில் பேசிய உங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்ன பதிலை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. இதை எத்தனை வருஷம் ஆனாலும் மறக்கவும் மாட்டேன்.

"மேடம், மேனுவல்லயே போட்டிருக்கு, உறைபனி நேரத்துல ஹேண்ட்பிரேக் போடாதீங்கன்னு. அப்போ பனிக்காலம் முடியற வரைக்கும் உங்களுக்கு அது தேவையே இல்லையே? பார்க்ல போட்டு நிறுத்துங்க. அதுவும் பிரேக்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும், அவரும் சிரித்தது கேட்டது. நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது, "வீட்டுல சாரைப் பேசச் சொல்லுங்க, அவருக்கு விளக்கிடறேன்" என்றார். என் பெயரில் இருக்கும் வண்டி, நான் ஓட்டும் வண்டி, நான் பணம் கட்டிய வண்டி. எந்த சார்?

மேனுவலை நானும் படித்திருக்கிறேன். கடுங்குளிரில் பிரேக் பேட், அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்கோடு சேர்ந்து உறைந்துவிடலாம், அதனால் சமதளத்தில் நிறுத்தி, பார்க் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள் என்று அதில் இருப்பது உண்மைதான். வேலை செய்கிற பிரேக்கை எப்போது போடாமல் விடலாம் என்பதற்கான குறிப்பு அது. வேலை செய்யாத பிரேக்கை வைத்துக்கொண்டு ஒரு பனிக்காலத்தையே ஓட்டலாம் என்று எங்கே இருக்கிறது? அதே புத்தகத்தில், பார்க்கிங் பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால் தாமதிக்காமல் அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் காட்டவும் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை உங்கள் அட்வைசர் திருப்பவே இல்லை போலும்.

பார்க் கியர் என்பது என்ன? கியர்பெட்டிக்குள் ஒரு சின்ன இரும்புப் பல் போய் மாட்டிக்கொள்கிறது. சரிவில் நிறுத்தினால் வண்டியின் பாரம் முழுக்க அதன்மேல்தான். காலையில் பார்க்கிலிருந்து எடுக்கும்போது 'டடங்' என்று ஒரு அடி விழும், உங்களுக்குத் தெரியாத சத்தமா? அதுவும் என் வண்டியில் அது முன்சக்கரங்களைத்தான் பிடிக்கும், பின்சக்கரங்கள் சும்மா இருக்கும். ஒரு முன்சக்கரம் பனிக்கட்டிமேல் நின்றுவிட்டால் அந்தப் பிடியும் முழுப் பிடி இல்லை. இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறாகச் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் இருப்பதால் ஒன்று முன்னால் சுற்ற இன்னொன்று பின்னால் சுற்றி வண்டி நழுவலாம். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குமுறை 13-எச், முழுப் பாரத்தோடு நிற்கும் காரை 20 சதவீதச் சரிவில் பார்க்கிங் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. என் வண்டி ஒரு கடை வாசல் சரிவில் நிற்கவில்லை.

கோபத்தில் வரிசை மாறிவிட்டது. கேபிள் விஷயத்துக்கு வருகிறேன்.

பாகம் வந்துவிட்டது, நாளைக் காலை முதல் ஆளாக வாருங்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அன்றைக்கு என்ன பனி என்று பழைய வானிலைச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பே எழுந்து, கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டி, சக்கரத்துக்கு வைத்த கட்டைகளை எடுத்து (அவையும் தரையோடு உறைந்திருந்தன, சுத்தியலால் தட்டித்தான் வந்தன), வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒருவர் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கவுண்டர்மேல் வைத்துப் பிரித்தார்.

உள்ளே ஹேண்ட்பிரேக் கேபிள்.

என் வண்டியில் கேபிள் எங்கே இருக்கிறது? இழுக்கிற லீவரே கிடையாது, ஒரு சுவிட்ச்தான் இருக்கிறது. காலிபருக்குக் காலிபர் மோட்டார் வைத்து, விற்கும்போது அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லித்தானே விற்றீர்கள்? நான் கேட்டதற்கு, "சிஸ்டம்ல இதுதான் காட்டுது" என்றார். அந்தப் பெட்டியை மறுபடி ஒட்டிவிட்டு, என் வண்டியையும் அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு மன்னிப்பு? ஒரு மாற்று வண்டி? ஒன்றும் இல்லை.

இன்னொன்று. அன்றைக்கு வண்டியை உங்கள் வெளிமுற்றச் சரிவில் நிறுத்திய உங்கள் ஊழியர், இறங்கின கையோடு ஒரு மரக்கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் காலால் தள்ளிவைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க் கியரே பிரேக்தான் என்றால் உங்கள் முற்றத்தில் எதற்கு அந்தக் கட்டை?

அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. அதுவரை பிடிக்காமல் இருந்த மோட்டார் சில நாள் பிடித்தது, பிடித்தால் விடவில்லை. இறங்கிய தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும் என்பது பள்ளிப் பாடம். ஒரு காலை வண்டியை எடுத்தால் இடது பின்சக்கரம் சுற்றவே இல்லை, பனியில் கோடு கிழித்துக்கொண்டு அப்படியே இழுபட்டு வந்தது. இன்னொரு நாள் வீடு வந்து இறங்கியபோது தீய்ந்த வாடை. ரிம் பக்கம் கை கொண்டுபோக முடியவில்லை. பேட் தேய்ந்துவிட்டது, டிஸ்க் நீலம் பாரித்துவிட்டது. இதையெல்லாம் நேற்று வந்த மின்னஞ்சல் "வழக்கமான தேய்மானம்" என்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்வது எந்த ஊர் வழக்கம்?

இந்தப் பனிக்காலம் முழுவதையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். சரிவு இருக்கிறது என்று தெரிந்த எந்த இடத்துக்கும் நான் போகவில்லை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போனால்கூட, அவரை வாசலில் இறக்கிவிட்டுப் பக்கத்தில் நிறுத்த முடியாமல் சமதளம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தேன். தூக்கம் போனது, வேலையிடத்தில் பெயர் போனது, குனிந்து குனிந்து கட்டை வைத்து முதுகும் போனது. வண்டியை இப்போது விற்கப் போனால் யார் வாங்குவார்கள்? இதற்கெல்லாம் விலை போட்டால் புது வண்டியே தர வேண்டும் நீங்கள்.

சரி. உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. உங்கள் வண்டிகளை நம்பித்தான் இரண்டாவதும் உங்களிடமே வாங்கினேன். நியாயமாகக் கேட்பதைச் செய்துகொடுத்தால் இந்தக் கடிதத்தோடு முடித்துக்கொள்கிறேன். வாரண்டி மறுப்பைத் திரும்பப் பெறுங்கள். முதல் நாள் ஜாப் கார்டை நான் சொன்ன புகாரோடு திருத்தி, நகலை எனக்கு அனுப்புங்கள். இடது காலிபரையும் மோட்டாரையும் மாற்றுங்கள். வலது பக்கக் கனெக்டரையும் திறந்து பாருங்கள், ஒரே வேலையில் செய்த சீல்தானே இரண்டும். பேட், டிஸ்க் உங்கள் செலவு. இத்தனை மாதம் பார்க் கியர் மட்டும் தாங்கிய பாரத்துக்கு, கியர்பெட்டியில் அந்தப் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுத்தில் வேண்டும், வாயால் வேண்டாம். போனில் சிரித்த அட்வைசர் எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் மட்டும் நான் இறங்கிவரப் போவதில்லை.

இந்த வார இறுதிக்குள் பதில் வராவிட்டால், படம், ஜாப் கார்டு, மின்னஞ்சல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றம் போவேன். வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறைக்கும் எழுதுவேன். அந்த சீல் என் வண்டியில் மட்டும்தான் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அவர்களும் நினைக்க மாட்டார்கள். மிரட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்து செய்யப்போவதை முன்கூட்டியே சொல்கிறேன், அவ்வளவுதான்.

வண்டியை இனி நான் ஓட்டிக்கொண்டு வர மாட்டேன். டோ வண்டி அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்வரை மாற்று வண்டி ஒன்று கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: பாகம் வந்துவிட்டது என்று கூப்பிடுவதற்கு முன், தயவுசெய்து பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.