உன் ராஜினாமாவைப் படித்த பிறகு

அன்புத் தோழிக்கு,

நைட் டியூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உன் கடிதத்தைப் படித்தேன். 16 வருட நர்ஸ் வேலையை விட்டுவிட்டதை நாலே வரியில் எழுதியிருக்கிறாய். ராஜினாமாவை வாங்கிக்கொண்டவர்கள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று படித்தபோது அழுகை வந்துவிட்டது.

எங்கள் வார்டிலும் இந்த வருடம் நான்கு பேர் போய்விட்டார்கள். வேலைப்பளு தாங்கவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நாம் சேர்ந்த புதிதிலும் ஓடிக்கொண்டேதான் இருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? ஆனால் அப்போது, "சிஸ்டர், இன்னும் இரண்டு பேஷண்ட் கொடுத்தால் என்னால் பார்க்க முடியாது" என்று இன்சார்ஜிடம் சொல்ல முடிந்தது. இப்போது பாதிப் பேர் ஒப்பந்தத்தில் இருக்கிறோம். வாயைத் திறந்தால் அடுத்த முறை புதுப்பிப்பார்களோ மாட்டார்களோ என்ற பயம். பளுவைவிட, பளுவைச் சொல்ல முடியாததுதான் ஆளை உடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் அடுத்த ஷிஃப்டை ஏற்க வேண்டிய ரிலீவர் வராததால் ஒரு சின்னப் பெண்ணுக்கு டபுள் டியூட்டி விழுந்தது. ஒப்பந்தம் முடிகிற மாதம் என்பதால் மறுக்கவில்லை. விடியற்காலையில் சார்ட் எழுதும்போதுதான் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி விட்டுப்போனது தெரிந்தது. மருந்து அறையில் நின்று அழுதாள். டாக்டரிடம் உடனே சொல்லிவிடலாம் என்றேன். "ஃபைலில் ஏறிவிடுமே அக்கா" என்றாள். கடைசியில் சொன்னோம், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் அவள் வேலையை விட்டுவிட்டாள். அவளுடைய நோயாளிகளையும் நாங்கள்தான் பிரித்துக்கொண்டோம். அடுத்து விலகப்போவது யார் என்று இப்போதே ஊகிக்க முடிகிறது.

உனக்குத்தான் மனதிடம் போதவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலையால் ஆள் முழுக்கச் சோர்ந்துபோகிற இந்த 'பர்ன்அவுட்'டை 2019இல் உலக சுகாதார நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத பணி அழுத்தத்தால் வருவது என்றுதான் வகைப்படுத்தியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து, நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஏய்க்கன் குழுவினர் 2002இல் வெளியிட்ட கட்டுரையை நீயும் படித்துப் பார். ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினாலே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் பர்ன்அவுட் ஆகும் வாய்ப்பு 23 சதவீதமும் அதிகமாக இருந்ததாம். எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் என்று 2004 முதல் கலிபோர்னியாவில் சட்டமே அமலில் இருக்கிறது. அங்கே ஒரு நர்ஸ் தன் மனதிடத்தைக் காட்டிப் போராட வேண்டியதில்லை, சட்டத்தைக் காட்டினால் போதும்.

உன் இடத்துக்குப் புதிதாக ஒருவரைப் போட்டிருப்பார்கள். ஆனால் மானிட்டர் அலறுவதற்கு முன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பாயே, அது அவருக்கு வர எத்தனை வருடம் ஆகும்!

என் ஒப்பந்தமும் ஜூனில் முடிகிறது. அதற்குள் ஆள் பற்றாக்குறையைக் கணக்கோடு எழுதி மேட்ரனிடம் மனு கொடுக்கப்போகிறோம். ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஷிஃப்டுக்கு எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பாயே, அது இருந்தால் இரண்டு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு. அதே மாதிரி நாங்களும் இந்த வாரத்திலிருந்து எழுதத் தொடங்குகிறோம்.

இப்போதாவது ராத்திரியில் தூக்கம் வருகிறதா? அதையும் எழுது.

என்றும் உன்,
பழைய ரூம்மேட்