குதிரை வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு, பங்குனி வெயிலுக்கு முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற நேரம் இது. விடியற்காலையில் பனி இருந்தாலும் பதினோரு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. பங்குனி பிறந்தால் கோயில் திருவிழா, அப்புறம் மாப்பிள்ளை ஊர்வலம், சாரட் வண்டி என்று குதிரைகளுக்கு ஓய்வே இருக்காது. செய்ய வேண்டியதை இந்த மாசிக்குள் செய்துவிடுவது நல்லது.

நம் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாடு, ஆடு, கோழி வைத்திருப்பவர்கள். குதிரைக்காரர்கள் கொஞ்சம்தான். இத்தனைக்கும் இந்த மாவட்டத்துக்குக் குதிரை புதிதல்ல. ஓசூர் மத்திகிரிப் பண்ணையே 1824-இல் பட்டாளத்துக் குதிரைகளுக்காகத் தொடங்கியதுதான். இன்றைக்கு எங்கள் அலமாரியில் இருப்பதெல்லாம் மாட்டு மருந்து. "மாட்டுக்குப் போடுறதுதானே, குதிரைக்கும் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சிலவற்றைத் தர மறுக்கிறோம். அதில் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம் என்று தெரியும். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, உண்ணி மருந்து. மாட்டுக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கிற அமிட்ராஸ் குதிரைக்கு ஆகவே ஆகாது. தோல் வழியாக உள்ளே போய்க் குடலின் அசைவை நிறுத்திவிடும். லத்தி போடாமல், வயிறு உப்பி, தரையில் புரளும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது என்பதால் வயிற்றில் அடைத்தது எதுவும் மேலே வராது. உண்ணி இருந்தால் பெர்மெத்ரின் வகை மருந்து இருக்கிறது. எந்த அளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வாருங்கள்.

இரண்டாவது, ஐவர்மெக்டின் எனும் புழு மருந்து ஊசி. மருந்து நல்ல மருந்துதான். மாட்டுக்குத் தோலுக்கடியில் போடும் அந்த ஊசிதான் குதிரைக்குச் சரிப்படாது. போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டும். சில குதிரைகளுக்கு உயிர் போகிற அளவுக்குக் கிருமி பிடித்துவிடும். குதிரைக்கென்று வாயில் கொடுக்கும் பேஸ்ட் தனியாக வருகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கு. குதிரையை எடை போட எங்கே போவது என்றால், தையற்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வந்துவிடும். சுற்றளவு 150, நீளம் 135 என்றால் ஏறக்குறைய 255 கிலோ. கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு புழு மருந்து கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். எங்கள் வியாபாரத்துக்கு இது நல்ல பேச்சில்லை, இருந்தாலும் சொல்கிறோம். வளர்ந்த குதிரையின் புது லத்தியில் இரண்டு உருண்டையைப் பையில் போட்டு, வெயில் படாமல், அன்றைக்கே கால்நடை மருத்துவமனையில் கொடுங்கள். லத்தியில் இருக்கும் புழு முட்டைக் கணக்கைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்து. குட்டிகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவற்றுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது: தீவனம். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனத்திலும் மோனென்சின் என்ற பொருள் கலந்திருக்கும். கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமல் இருக்கவும், மாட்டுக்குத் தீனி உடம்பில் ஒட்டவும் சேர்ப்பது. குதிரையின் இதயத் தசையை அது நாசமாக்கிவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. மாடு அதைவிடப் பல மடங்கு தாங்கும். கொட்டகையில் கோழித் தீவன மூட்டை அவிழ்ந்து கிடந்து, குதிரை கட்டு அறுத்துக்கொண்டு போய்த் தின்றுவிட்டது என்றால், "கொஞ்சம்தானே தின்னுச்சு" என்று காத்திருக்காதீர்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள், அந்த மூட்டையின் சீட்டையும் எடுத்து வையுங்கள். மாட்டுத் தீவனம் அள்ளிய முறத்தால் குதிரைத் தீவனம் அள்ளுவதும் வேண்டாம்.

நம்மூர்க் கொள்ளு இருக்கும்போது வேறு தேடவும் வேண்டாம். ஊறவைத்தோ வேகவைத்தோ, தவிட்டோடு அளவாகக் கொடுங்கள். வயிற்றை நிரப்ப வேண்டியது புல்லும் காய்ந்த தாளும்தான். தீவனம் மாற்றினால் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். மணல் தரையில் கொட்டாமல் தொட்டியில் போடுங்கள். புல்லோடு மணலும் போனால் குடலில் தங்கி வயிற்றுவலி கொண்டுவரும். சும்மா நிற்கும் குதிரைக்கே ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். வெயிலில் வண்டி இழுத்தால் அதைப் போல இரண்டு பங்குகூட ஆகும். கல் உப்புக் கட்டி ஒன்று கட்டிவிடுங்கள்.

தடுப்பூசியில் டெட்டனஸ் எனும் ரண ஜன்னியை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வளர்ப்பு விலங்குகளில் குதிரைக்குத்தான் அது சுலபமாக வரும். லாட ஆணி ஒன்று தப்பாக இறங்கினாலே போதும். முதல்முறை என்றால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. தெருநாய்கள் திரிகிற ஊரில் வெறிநோய் ஊசியும் ஆண்டுதோறும் போட வேண்டும். பல ஊர்க் குதிரைகளோடு கலந்து நிற்கும் குதிரை என்றால் இன்புளூயன்சா ஊசி பற்றியும் கேளுங்கள். 2008-இல் ஜம்முப் பக்கம் தொடங்கிய அந்தக் காய்ச்சல் பல மாநிலங்களுக்குப் பரவியது.

மாட்டோடு ஒரே கொட்டகையில் கட்டுகிறவர்கள் சர்ரா நோயை மனதில் வையுங்கள். மாட்டில் வெளியே தெரியாமல் இருக்கும் கிருமியைக் கடிக்கிற ஈ குதிரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், காலும் அடிவயிறும் வீங்கும், தின்றாலும் இளைக்கும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் ஓய்வில் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். அதற்கு மேல் என்றால் ரத்தப் பரிசோதனை.

ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கிவந்தவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: கிளாண்டர்ஸ் பரிசோதனை செய்தீர்களா? மூக்கில் பிசுபிசுப்பான சளி, தோலில் வரிசையாகக் கட்டி, புண் என்று வரும் அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். அதற்கு நாமாக வைத்தியம் பார்க்கக் கூடாது, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ரத்த மாதிரியை ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் சோதிப்பார்கள். அனுப்புவதற்கு அரசுக் கால்நடை மருத்துவரையே கேளுங்கள்.

பல்லும் குளம்பும் சுருக்கமாக. புல்லை மென்று, பாதியில் ஈரக் கவளமாகக் கீழே போட்டால் கடைவாய்ப் பல் ஓரம் கூராகிவிட்டது என்று அர்த்தம். ஆண்டுக்கு ஒருமுறை அரம் போட்டு மழுக்க வேண்டும். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும், லாடம் தேயாவிட்டாலும்.

புழு மருந்துப் பேஸ்டும் டெட்டனஸ் தடுப்பூசியும் நாங்கள் எப்போதும் இருப்பு வைப்பதில்லை, கேட்பவர்களுக்காக வரவழைக்கிறோம். எத்தனை குதிரை, என்ன எடை என்று மாசி முடிவதற்குள் கடையில் சொல்லிவிடுங்கள். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், அதனால் வாங்க வரும்போது ஐஸ் பெட்டியோடு வாருங்கள். மருத்துவர் வரும் நாளையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். அவசரம் என்றால் எங்களைத் தேட வேண்டாம், கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழையுங்கள்.

இப்படிக்கு,
கால்நடை மருந்து, தீவனக் கடையினர்
கிருஷ்ணகிரி