ரிவால்வருக்கு ரவைக்கூடு கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட பேப்பரில ஒரு செய்தி பாத்தனான். ரிவால்வர் ஒண்டும் அதின்ர ரவைக்கூடு ரெண்டும் பிடிபட்டது எண்டு போட்டிருந்தது, ரெண்டு வரி தள்ளி அதே சாமானைத் தானியங்கித் துப்பாக்கி எண்டும் எழுதியிருக்கிறீங்கள். ரவைக்கூடு எண்டா ரவையளை (தோட்டாவை) ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிற பெட்டி, மகசின் எண்டுறது. ரிவால்வருக்கு அது கிடையாது ஐயா. அதில ஒரு உருளை இருக்கும், உருளையில அஞ்சோ ஆறோ ஓட்டை, அதுக்குள்ள ரவையைப் போட்டு மூடுறதுதான். பிடிக்குள்ளால ரவைக்கூடு ஏத்துறது எண்டா அது பிஸ்டல். தானியங்கி எண்டா விசையை அமத்திப் பிடிச்சா நிக்காமச் சுட்டுக்கொண்டு போகும், ரி-56 றைபிள் மாதிரி. பிஸ்டல் அனேகமா அரைத் தானியங்கி, ஒரு அமத்தலுக்கு ஒரு வெடி, அடுத்த ரவையை அது தானே ஏத்தி வைக்கும், சுடுறதுக்குத் திரும்ப நீங்கதான் அமத்தோணும்.

இந்தாளுக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும் எண்டு யோசிப்பீங்கள், சிஐடிக்குப் போன் எடுக்க முதல் நானே சொல்லிப்போடுறன். நான் திருக்கடலூர்ப் பக்கம் அவுட்போர்ட் எஞ்சின், அதுதான் போட்டுக்குப் பின்னால பூட்டுற எஞ்சின், திருத்துற ஆள். போன வருசம் அக்காவின்ர மகனிட்ட அமெரிக்காவில ரெக்சாஸ் போய் ரெண்டு மாசம் நிண்டனான். அவன் புதுசா ஒரு 9 மில்லிமீற்றர் பிஸ்டல் வாங்கி வச்சிருந்தான், ரன்னிங்-இன் பண்ணப் போறன் வாங்கோ மாமா எண்டான், புதுச் சாமானைப் பாவிச்சு வழிக்குக் கொண்டு வாறதைத்தான் அப்பிடிச் சொல்லுறது. விசிட் விசாவில போன ஆள் அங்க துவக்கைச் சும்மா தொடேலாது, அது அவங்கட சட்டம், ஆனா வேட்டை லைசன்ஸ் ஒண்டு எடுத்தாத் தொடலாமாம். வாழ்க்கையில ஒரு முயலைக்கூடச் சுடாத எனக்கு இப்ப வேட்டைக்காரன் எண்டு ஒரு துண்டு இருக்கு, மனுசி அதைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறா.

ரன்னிங்-இன் எண்ட உடன எனக்கு எங்கட எஞ்சின்தான் ஞாபகம் வந்தது. புது யமஹாவுக்கு முதல் பத்து மணித்தியாலம் ஃபுல் திரொட்டில் குடுக்காதேங்கோ எண்டு படிச்சுப் படிச்சுச் சொல்லுறன், கொட்பே மீன்பிடித் துறையில இருந்து வெளிக்கிட்ட உடன முறுக்குறாங்கள், பிறகு என்னட்டத்தான் தூக்கிக்கொண்டு வாறது. பிஸ்டல் அப்பிடி இல்லையாம், மெதுவாச் சுடுறது எண்டு ஒண்டு இல்லையே. சில கொம்பனிக்காரர் முதல் 200 ரவை சுட்ட பிறகுதான் இதை நம்பலாம் எண்டு புத்தகத்திலயே போட்டிருக்கினம், கிளொக் கொம்பனிக்காரர் செம்புக் கலரில ஒரு கிறீஸ் பூசி அனுப்பிப்போட்டு அதைத் துடைக்காதேங்கோ எண்டு சொல்லுறவை. பெட்டியால எடுத்த உடன வேலை செய்யாத துவக்கு என்ன துவக்கு எண்டு சண்டை பிடிக்கிற ஆக்களும் இருக்கினம். இரும்போட இரும்பு உரசி வழிக்கு வர நேரம் எடுக்கும் எண்டது என்ர தொழில், அதால நான் முதல் ஆக்களின்ர பக்கம்.

மருமகனின்ர பிஸ்டல் என்ன கொம்பனி எண்டு சொல்ல மாட்டன். ஸ்பிரிங் புதுசு, மேல் ஸ்லைடை, அதுதான் மேல முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுற இரும்பை, இழுக்கவே தோள் நொந்தது. ரவைக்கூட்டில 15 போடலாம், 12க்கு மேல பெருவிரல் கெஞ்சத் தொடங்கிட்டுது. முதல் பெட்டி 50 ரவை, அதில ரெண்டு தரம் இறுகினது. முதல் தரம் ஸ்லைட் கடைசி நூல் அளவு மூடாம நிண்டது, அவன் பின்னால உள்ளங்கையால ஒரு தட்டுத் தட்ட மூடிட்டுது, ஒயில் ரெண்டு சொட்டு விட்டான். ரெண்டாந்தரம் சுட்ட ரவையின்ர வெற்றுக்கோது வெளிய பறக்காம, துவக்கில கோது போற வாசலில நட்டுக்கொண்டு நிண்டது, புகைக்குழாய் மாதிரி. துவக்குப் பிழை எண்டன் நான். "இல்ல மாமா, உங்கட மணிக்கட்டு" எண்டான். வெடிச்ச உடன குழலும் ஸ்லைடும் ஒண்டாக் கொஞ்சம் பின்னுக்குப் போகும், பிறகு குழல் சரிஞ்சு கழர, ஸ்லைட் தனியப் போய்க் கோதை இழுத்து எறிஞ்சிட்டு ஸ்பிரிங்கால திரும்பி வரேக்க புது ரவையைத் தள்ளிக்கொண்டு வரும். கை தளர்வா இருந்தா முழுத் துவக்குமே சேந்து பின்னுக்குப் போயிடும், ஸ்லைட் ஓட வேண்டிய ஓட்டம் ஓடாது. பின் பலகை லூசான போட்டில எஞ்சின் எவ்வளவு தள்ளினாலும் போட் போகாது, அதேதான். இறுக்கிப் பிடிச்சன், பிறகு அந்த வில்லங்கம் வரேல்ல.

அடுத்தது குறி. ஏழு யார், அதாவது இருபத்தொரு அடி தூரம், எங்கட வீட்டு வாசலில இருந்து படலை வரைக்கும்தான் வரும், அதிலயும் எல்லாம் கீழ இடப்பக்கம் போய் விழுது. மருமகன் எனக்குத் தெரியாம ஒரு பொய் ரவையை நடுவில போட்டுத் தந்தான். நான் அமத்த டிக் எண்டது, வெடிக்கேல்ல, ஆனா குழல் பளிச்செண்டு கீழ குனிஞ்சது. சத்தம் வர முதலே என்ர கை பயந்து போச்சு. அவன் சிரிச்சான், எனக்குச் சிரிப்பு வரேல்ல. வெடிச் சத்தம் கேட்டா நிலத்தோட படுக்கோணும் எண்டு இருபது முப்பது வருசம் பழகின உடம்பு, அதுக்கு இது விளையாட்டு எண்டு ஆர் சொல்லுறது. அண்டைக்கு 200 ரவையில ஓடிப் பழகினது துவக்கோ நானோ தெரியேல்ல, ஆனா கடைசி ரெண்டு பெட்டியில ஒண்டும் இறுகேல்ல, ஓட்டையளும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குள்ள வந்திட்டுது.

இன்னொண்டு. காதுக்குள்ள ஒரு அடைப்பான், அதுக்கு மேல ஒரு மூடி, ரெண்டும் போட்டாலும் கட்டிடத்துக்குள்ள சுட்டுப் பழகிற ரேஞ்சில நெஞ்சு அதிருது. வெளிய வந்த உடன சோப் போட்டுக் கை கழுவாம ஒண்டையும் தின்ன விடமாட்டாங்கள், ஈயத் தூள். இங்க தூண்டில் ஈயத்தைப் பல்லால கடிச்சு நெரிக்கிற எங்கட ஆக்களை நினைச்சன்.

சரி, பேப்பருக்கு வாறன். இது சொல்லுப் பிழை மட்டும் இல்ல. பிஸ்டல் சுட்டா கோது அந்த இடத்தில விழும், அதில ஊசி குத்தின அடையாளமும் கொக்கி இழுத்த அடையாளமும் இருக்கும், பொலிஸ் அதைத்தான் பொறுக்குது. ரிவால்வர் எண்டா சுட்டவன் உருளையைத் திறந்து கொட்டினால் ஒழிய கோது உள்ளுக்கதான் கிடக்கும். நீங்க ரிவால்வரால சுட்டது, ஏழு வெற்றுக்கோது எடுத்தது எண்டு எழுதினா விசயம் தெரிஞ்ச ஆள் குழம்பிப் போவான். என்ன ரகம் எண்டு நிருபருக்குத் தெரியாட்டிக் கைத்துப்பாக்கி எண்டு போடுங்கோ, ரெண்டுக்கும் பொருந்தும். 9 மில்லிமீற்றர் எண்டது ரவையின்ர அளவு, துவக்கின்ர பேர் இல்ல, அதையும் ஒருக்காப் பாருங்கோ.

நான் அண்டைக்குச் சுட்ட கோது ஒண்டை ஞாபகத்துக்குக் கொண்டு வர ஆசைப்பட்டுச் சட்டைப் பொக்கற்றில போட்டனான். மருமகன் கண்டிட்டு, கட்டுநாயக்கா எயார்போட்டில பிடிச்சா என்ன மாமா சொல்லுவீங்கள் எண்டு கேட்டான். எடுத்து அங்க இருந்த வாளிக்குள்ள போட்டிட்டு வந்தன்.

இப்படிக்கு,
அவுட்போர்ட் மெக்கானிக் ஒருவர்,
திருகோணமலை