பி.ஆர். வாங்குவதைச் சொன்னீர்கள், தக்கவைப்பதையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திறன்மிகு தொழிலாளர்கள் குடியேற எந்த நாடு ஏற்றது என்று ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். புள்ளிகள் எப்படிப் போடப்படுகின்றன, மொழித் தேர்வில் எவ்வளவு எடுக்க வேண்டும், எத்தனை மாதத்தில் முடிவு வரும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தன. ஆனால் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கைக்கு வந்தபின் அந்த நாட்டில் எத்தனை நாள் தங்கியாக வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்பே போட வேண்டிய கணக்கு அது.

கனடாவை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும் என்ற விதியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது எப்படி எண்ணப்படுகிறது என்பதில்தான் குழப்பம். பி.ஆர். அட்டையில் அச்சிட்ட தேதிக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. அதிகாரி உங்களைச் சோதிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து ஆண்டுகளை எண்ணுவார். முதல் ஐந்து ஆண்டில் நிபந்தனையை நிறைவேற்றியவர்கூட அடுத்த சில ஆண்டுகளை வெளியே கழித்தால் மாட்டிக்கொள்வார். வந்து ஐந்து ஆண்டு ஆகாதவரிடம், மீதமுள்ள காலத்தில் 730 நாளை எட்ட வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

என் உறவினர் ஒருவர் வேறொரு நாட்டில் நல்ல வேலையில் இருந்தபடியே கனடாவுக்கு விண்ணப்பித்தார். பி.ஆர். கிடைத்ததும் குடும்பத்தோடு போய் 'சாஃப்ட் லேண்டிங்' செய்துவிட்டு, அதாவது சில நாள் மட்டும் தலைகாட்டிப் பதிவை முடித்துவிட்டு, பழைய வேலைக்கே திரும்பினார். "அட்டை ஐந்து வருஷத்துக்குச் செல்லும், அவசரமே இல்லை" என்பதுதான் ஏஜென்ட் அவருக்குச் சொன்ன ஒரே அறிவுரை. மூன்று ஆண்டு நெருங்கும்போது குடிபெயர்ந்தார். எஞ்சிய இரண்டு ஆண்டும் அந்த 730 நாளுக்கே சரியாகிவிட்டதால், அதன்பின் அவருக்குக் கையிருப்பாக ஒரு நாள்கூட மிச்சமில்லை. அப்பா படுத்த படுக்கையானபோது கிளம்புவதா வேண்டாமா என்று அந்த வீட்டில் நடந்த பேச்சை நான் அருகிலிருந்து கேட்டேன். பெற்ற தகப்பனைப் பார்க்கப் போவதற்கு நாட்காட்டியை எடுத்துவைத்துக் கணக்குப் போடும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது. இதை விண்ணப்பிக்கும் முன்பே ஒருவர் சொல்லியிருந்தால், வேலையை எப்போது விடுவது என்ற திட்டமே மாறியிருக்கும்.

கனடாவிலும் விலக்குகள் உண்டு. குடியுரிமை பெற்ற கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் வாழும் நாள்களும், கனடா நிறுவனமே முழுநேர வேலைக்கு வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் நாள்களும் கணக்கில் சேரும். ஆனால் வெளிநாட்டிலேயே அந்த நிறுவனத்தின் கிளையில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. நாள் குறைந்துவிட்டால் மனிதாபிமானக் காரணங்களை முன்வைக்கலாம், மேல்முறையீடும் உண்டு. அதை நம்பி யாரும் திட்டம் போடக்கூடாது என்பது என் கருத்து.

இங்கிலாந்து இதற்கு நேர் எதிர். அங்கே சுமை முன்னாலேயே வந்துவிடுகிறது. ஸ்கில்டு வொர்க்கர் (திறன்மிகு தொழிலாளர்) விசாவில் இருப்பவர் ஐ.எல்.ஆர். (காலவரையின்றித் தங்கும் அனுமதி) கேட்பதற்குக் காட்ட வேண்டிய ஆண்டுகள் முழுவதிலும், எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக்கூடாது. ஐ.எல்.ஆர். கிடைத்த பிறகோ, தொடர்ந்து இரண்டு ஆண்டு வெளியே இருந்தால்தான் அது காலாவதியாகும். அடிக்கடி பயணம் போகவேண்டிய வேலையில் இருப்பவருக்கு இங்கிலாந்தின் தொடக்க ஆண்டுகள் கடினம். உடனடியாக இடம்பெயர முடியாதவருக்குக் கனடாவின் பிந்தைய ஆண்டுகள் கடினம். யாருக்கு எது தோது என்பதை இந்த இடத்தில்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் விரைவு, புள்ளி என்ற ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிடுவது சரியாகாது.

ஆஸ்திரேலியாவில் பி.ஆரோடு வரும் பயண அனுமதி ஐந்து ஆண்டுக்குத்தான். அதற்குப்பின் வெளியே போய்த் திரும்ப வேண்டுமானால் மறுவருகை விசா வேண்டும். அதை ஐந்து ஆண்டுக்குப் பெற, முந்தைய ஐந்தில் இரண்டு ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நியூசிலாந்தில் முதல் இரண்டு ஆண்டும் ஆண்டுக்கு 184 நாள் தங்கிவிட்டால், நிரந்தரவாச விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதன்பின் வெளியே போய்த் திரும்புவதற்குக் கெடு கிடையாது. முதிய பெற்றோரைப் பிரிந்து போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஜெர்மனியைப் பற்றி உங்கள் கட்டுரை மிகவும் புகழ்ந்திருந்தது. ப்ளூ கார்டு (திறன்மிகு தொழிலாளர்களுக்கான வேலை அனுமதி) வைத்திருப்பவர் 27 மாதத்திலும், ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி முடித்திருந்தால் 21 மாதத்திலும் நிரந்தர அனுமதி கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிரந்தர அனுமதி, முன்கூட்டி அவகாசம் வாங்காமல் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகச் செல்லாமல் போய்விடும். ப்ளூ கார்டுக்கே பன்னிரண்டு மாத அவகாசம் இருக்கும்போது, 'நிரந்தரம்' என்ற பெயருடைய அனுமதிக்கு அதில் பாதிதான். இதை எத்தனை பேர் அறிந்து கையெழுத்துப் போடுகிறார்கள்?

அமெரிக்காவில் கிரீன் கார்டுக்கு (அந்நாட்டின் பி.ஆர்.) நாள் எண்ணிக்கை என்று ஒன்று வரையறுக்கப்படவில்லை, அதுவே ஆபத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டிவிட்டு வந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அங்கேதான் வாழ்கிறாரா என்பதை வீடு, வேலை, வரிக்கணக்கு எல்லாவற்றையும் வைத்து அதிகாரிகள் தீர்மானிப்பார்கள். ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்கப் போகிறவர் மறுநுழைவு அனுமதிக்கு அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும்.

வேலையோடும் ஊரோடும் கட்டிப்போடும் நிபந்தனைகளையும் கட்டுரை தொடவில்லை. ஆஸ்திரேலியாவின் 491 என்ற தற்காலிகத் திறன்மிகு தொழிலாளர் விசா குறிப்பிட்ட பிராந்தியங்களில்தான் வாழ வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் வேலை இழந்தால் வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள்தான். குழந்தைகள் பள்ளியில் படிக்கும் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய பாரம் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த முறை இப்படி ஓர் ஒப்பீட்டை வெளியிடும்போது, ஒவ்வொரு நாட்டுக்கும் 'வெளியே எவ்வளவு காலம் இருக்கலாம்' என்று ஒரு பத்தி தனியாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விதிகள் அடிக்கடி மாறுவதால், அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பார்த்த தேதியையும் அதன் கீழே போடுங்கள். பல விமான நிலையங்களில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. போய்வந்த நாள்களுக்கு ஆதாரமாக போர்டிங் பாஸ், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
நீண்டநாள் வாசகி ஒருவர்