காலாண்டுக் கடிதம்: மதிப்பெண், மழை, அப்புறம் அந்த இஞ்ச் டேப்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கு தேறியிருக்கிறது, ஆங்கிலத்துக்கு இன்னும் உழைக்க வேண்டும். வட்டார விளையாட்டுப் போட்டியில் நம் மாணவிகள் கோ-கோவிலும் ஓட்டத்திலும் பரிசு வாங்கி வந்தார்கள். கட்டுரை, பேச்சு, ஓவியம் என மற்றவற்றிலும் பெயர் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். அனைவருக்கும் வாழ்த்துகள். திருத்திய விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் உங்கள் கையெழுத்துக்கு வரும். ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் மண் சரிவதும் மரம் விழுவதும் நமக்குப் புதிதல்ல. பள்ளி உண்டா இல்லையா என்பதை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரும் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டாம்.

வாட்ஸ்அப் என்று சொல்லிவிட்டதால் நேராக விஷயத்துக்கே வருகிறேன்.

சென்ற மாத மருத்துவ முகாமில் உயரம், எடையோடு பிள்ளைகளின் வயிற்றுச் சுற்றளவையும் டேப் வைத்து அளந்தார்கள். அன்று மாலையே பெற்றோர் குழுவில் பேச்சு தொடங்கிவிட்டது. "என் பையன் ஒல்லிதானே, அவனை எதுக்கு அளக்கணும்?" என்று ஒரு அப்பா. "பொம்பளப் பிள்ளைங்க இடுப்பை அளக்கிறதெல்லாம் பள்ளிக்கூடத்து வேலையா?" என்று ஒரு அம்மா. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். முதலில் இரண்டாவதுக்குப் பதில்: மாணவிகளைச் செவிலியர்தான் அளந்தார், தடுப்பு போட்ட அறையில், ஆசிரியை உடன் இருக்க. வேண்டாம் என்ற பிள்ளைகளை வற்புறுத்தவில்லை. முகாம் பற்றிய முன்னறிவிப்பில் இனி என்னென்ன அளப்பார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கும்.

முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது.

கொழுப்பு உடம்பில் இரண்டு இடத்தில் சேர்கிறது. ஒன்று தோலுக்கு அடியில், விரலால் கிள்ளினால் கையில் வருவது. இன்னொன்று வயிற்றுக்குள்ளே, கல்லீரலையும் குடலையும் கணையத்தையும் சுற்றி அடைவது. தோலுக்கடியில் இருப்பது பரணில் ஏற்றிய மூட்டை, பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். உள்ளே இருப்பது அடுப்படியில் அடுக்கிய மூட்டை. அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருட்களையும் அந்தக் கொழுப்பு சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போக ஆரம்பிக்கிறது. பிறகு வருபவை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள்தான்: சுகர், பிரஷர், ஃபேட்டி லிவர், மாரடைப்பு.

இது எடை மெஷினில் தெரியாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யூட்கினும் 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கில் இருவரும் ஒன்று, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், நம் நாட்டு மருத்துவர் யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் ஒல்லியாக இருந்தும் கொழுப்பு கூடுதலாக இருக்கும் வாகு இந்தியர்களிடம் அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்விலும் இது தெரிகிறது. பெரியவர்களில் பொதுவான உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். எடை பார்த்து விட்டுவிட்டவர்களில் பலரை டேப் பிடித்துவிடுகிறது. ஒல்லியான பையனையும் அளந்தது அதனால்தான்.

பிள்ளைகளுக்குக் கணக்கு சுலபம்: வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 140 செ.மீ. உயரப் பிள்ளைக்கு 70-க்குள். பெரியவர்களுக்கு, நம் நாட்டவருக்கென்று வைத்திருக்கும் எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. பேன்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. அங்கே அளந்தால் எல்லாருமே பாஸ். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்ட பிறகு பார்க்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பதில் பயனில்லை, ஏமாற்ற அங்கே யாரும் இல்லை. இன்னொன்று, அளவு கூடியிருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

இனி எழுதப்போவது கொஞ்சம் கசக்கும்.

முகாமுக்கு அடுத்த நாள், ஒரு வகுப்பின் அளவுகள் எழுதிய தாளின் படம் பெற்றோர் குழுவில் வந்தது. மூன்றாம் நாள் அந்த வகுப்பில் இரண்டு பிள்ளைகள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஒரு பிள்ளை எண்ணைச் சொல்லிக் கூப்பிடப்பட்டது. படத்தை எடுத்தது யார் என்று நான் துருவப் போவதில்லை, ஆனால் தெளிவாகச் சொல்கிறேன்: ஒரு பிள்ளையின் உடல் அளவு அந்தப் பிள்ளையின் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் மட்டும் உரியது. இனி யார் பகிர்ந்தாலும் அவரைக் குழுவிலிருந்து நீக்குவேன், எழுத்துமூலமான விளக்கமும் கேட்பேன். தொப்பை, குண்டு, யானைக்குட்டி என்று பள்ளி வளாகத்தில் யார் சொன்னாலும், செல்லமாகச் சொன்னாலும், அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

அடுத்தது, கேட்டுக்கு மேலே கை மாறும் பாக்கெட்டுகள். இடைவேளைக்குச் சிப்ஸும் கலர் பாட்டிலும் கொண்டுவரக் கூடாது என்பது பழைய விதி. அதை மதித்துச் சில பெற்றோர் காலையில் பையில் வைக்காமல், பதினோரு மணிக்கு வாட்ச்மேனிடம் கொடுத்து உள்ளே அனுப்புகிறார்கள். வாட்ச்மேன் அண்ணனால் உங்களிடம் மறுத்துப் பேச முடியவில்லை. அதனால் நான் மறுக்கிறேன். இனி அப்படி வரும் பாக்கெட் என் மேஜையில் இருக்கும், மாலையில் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளலாம். பிறந்தநாள் கேக்கும் குளிர்பானமும் இதில் அடக்கம். கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. எதிர்க் கடை அக்காவிடம் அதைச் சொன்னதும் வேகவைத்த கடலையும் சோளமும் வைக்க ஒப்புக்கொண்டார். பெற்றோரிடம் சொல்வதுதான் கடினமாக இருக்கிறது.

கலர் பாட்டிலை மட்டும் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், 250 மி.லி. பாட்டில் ஒன்றில் 25 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதாவது ஆறு தேக்கரண்டி. குடித்தால் வயிறு நிறைந்த உணர்வே வராது. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ் என்னும் பழச்சர்க்கரை. அது அளவு மீறும்போது கல்லீரலிலேயே கொழுப்பாக மாறுகிறது. பாக்கெட் பழச்சாறும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊர்க் குளிருக்கு நாளில் நாலைந்து டீ குடிக்கிறோம். அதில் ஒரு ஸ்பூன் குறைத்தாலே மாதக் கணக்கில் நிறைய குறையும்.

டீக்கடை பிஸ்கட்டான வர்க்கியைப் பற்றியும் கேட்பீர்கள். 2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். டீயில் நனைத்து ஒன்று சாப்பிடுவதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. மைதாவும் வனஸ்பதியும் சேர்ந்த பண்டம் காலை உணவாக டப்பாவில் வரும்போதுதான் பேச வேண்டியிருக்கிறது. சுண்டல், பயறு, அவரை, முட்டை, கொய்யா, தோட்டத்துக் கேரட், எது முடிகிறதோ அதை அனுப்புங்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு முட்டையும் பயறும் இங்கேயே கிடைக்கிறது. தாத்தா பாட்டி காலத்தில் இந்த மலையில் சாமையும் ராகியும் விளைந்தன, அவை திரும்பி வந்தால் நல்லது. ஆனால் சாமைச் சோறு என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் கணக்கு பழையபடிதான்.

பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். வளரும் பிள்ளைக்கு எடை குறைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. எடை அப்படியே நின்று உயரம் கூடினால் விகிதம் தானாகச் சரியாகும். மருத்துவர் சொல்லாமல் எந்த 'டயட்'டும், எந்தப் பொடியும், எந்தக் கசாயமும் வேண்டாம்.

உள்ளே சேரும் கொழுப்பு கெட்டதுதான், ஆனால் பிடிவாதம் பிடிக்காது. உடம்பு அசையத் தொடங்கினால் அது சீக்கிரம் கரையும். எடை பெரிதாக இறங்காதபோதும் சுற்றளவு குறைவதுண்டு. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பைக் கரைக்க முடியாது. நடை, ஓட்டம், மேடேறுவது என்று முழு உடம்பும் இயங்க வேண்டும். ஜப்பானின் சுமோ மல்லர்களே இதற்குச் சாட்சி. அத்தனை பருமனிலும், பயிற்சியில் இருக்கும் வரை அவர்கள் கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்கடியில்தான் இருக்கும். பயிற்சியை நிறுத்திய பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடை எந்தப் பாடத்துக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியாயிற்று. கணக்கு ஆசிரியர் முகத்தைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

நடந்து வரச் சொன்னால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டுமாடு நிற்கிறது, இருட்டோடு கரடி இறங்குகிறது. அதனால் யாரையும் தனியாக நடக்கச் சொல்லவில்லை. வாகனங்கள் பிள்ளைகளைக் கீழே உள்ள பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடட்டும். அங்கிருந்து மேடேறும் அரை கிலோமீட்டரை, நன்றாக விடிந்த பிறகு, இரண்டு ஆசிரியர்களோடு கூட்டமாக நடந்து வருவார்கள். மழை நாளிலும் உடல்நலக் குறைவிலும் கேட் வரை வரலாம். காலையில் கேட் முன்னால் ஹாரன் சத்தம் குறைந்தால் அது எனக்குக் கிடைக்கும் போனஸ்.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு போன் பார்த்துத் தூக்கம் குறையும் உடம்பு அடுத்த நாள் அதிகம் தின்னக் கேட்கும். அப்படிச் சேர்வது வயிற்றுக்குள்ளேயே போய் உட்காரும். பெரியவர்களை வைத்து 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் இரண்டு வாரம் நாலு மணி நேரமே தூங்கவிட்டதில் உள்கொழுப்பு 11 சதவீதம் கூடியிருந்தது.

பெரியவர்களான நமக்கும் சில விஷயங்கள் உண்டு. சிகரெட்டும் மதுவும் வயிற்றுக்குள் கொழுப்பைக் கூட்டுபவை. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே உள்கொழுப்பு நன்றாக இறங்கும். யாரைச் சொல்கிறேன் என்று தேட வேண்டாம், ஆசிரியர் அறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பள்ளி திறந்த பிறகு நடக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் செவிலியர் வருவார், டேப்பும் இருக்கும். விருப்பமுள்ள பெற்றோர் தனியறையில் தங்களை அளந்துகொள்ளலாம். எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. முகாமில் மருத்துவரைப் பார்க்கச் சொன்ன பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒட்டிய உறையில் சீட்டு வந்திருக்கும், விடுமுறைக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சில வீடுகளிலிருந்து எட்டு மணி பஸ்ஸுக்கு முன்னால் எழுந்து சுண்டல் வேகவைத்து அனுப்புகிறீர்கள். தோட்ட வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். மைதானத்து வேலியைச் சரிசெய்து கொடுத்த முன்னாள் மாணவர்களுக்கும், காலை நடைக்குக் கூட வர முன்வந்த தாத்தாக்களுக்கும், கேள்வியை நேரில் வந்து கேட்ட அந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: பெயர் எழுதாத ஸ்வெட்டர்களும் டிபன் டப்பா மூடிகளும் அலுவலகத்தில் குவிந்துவிட்டன. பள்ளி திறந்த முதல் வாரத்துக்குள் வந்து எடுத்துக்கொள்ளவும்.