தம்பியின் பாட்டுகளை என்னோடு உட்கார்ந்து கேட்டவர்களுக்கு

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

தம்பியின் முதலாமாண்டு நினைவுக் கூடுகை முடிந்து நான்கு நாளாகிறது. அன்றைக்கே வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். கடைசிப் பாட்டு முடிந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. பாதிப் பேரிடம் தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டதை எழுதியாவது சொல்லிவிடுகிறேன்.

அவன் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். பெரும்பாலும் இரவு ஷிப்ட். கடைசி ஏழெட்டு வருடமாக ஆராதனைக்கு வருவதை விட்டிருந்தான். அடக்க ஆராதனை அன்று எங்களுக்கு வேண்டிய ஒருவரே, "சபைக்கு வராத பிள்ளை, அவன் ஆத்துமா எங்கே போச்சோ" என்று அம்மா காதில் விழும்படி சொன்னார். அதற்குப் பிறகு வீட்டு ஜெபத்தில் அம்மா உட்காருவார். வாய் திறக்க மாட்டார். நானும் பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். 16 வருடம் டெனர் என்ற உச்ச ஆண் குரலில் பாடியவன், பாமாலைப் புத்தகத்தைத் திறந்தால் குரல் வரவில்லை. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் வெற்றியும் மகிழ்ச்சியுமாகவே கண்ணில் பட்டது. அழுகிறவனுக்கு அதில் இடமில்லை என்று தோன்றியது.

பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண் குரலில் பாடும் அக்காவுக்குத்தான் முதல் நன்றி. அக்கா, நான் இரண்டு வியாழக்கிழமை பயிற்சிக்கு வரவில்லை என்றதும் மூன்றாவது வாரம் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். எனக்கு அன்று உங்கள்மேல்கூடக் கோபம். "அவன் என்ன கேட்டான்னு பாருங்க, நம்ம பாட்டு ஒண்ணுகூட இல்ல" என்று தம்பியின் போனை உங்கள் கையில் திணித்தேன். மூலையில் கண்ணாடி விரிந்த அந்தப் போனில் 'இரவு' என்று பெயர் வைத்து 31 பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தான். எல்லாம் இங்கிலீஷ் பாட்டு. இயர்போனில் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. நீங்கள் அதைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கேட்டீர்கள். மூன்றாவது பாட்டில் கண்ணைத் திறந்து, "இது சங்கீதம் 40 தம்பி" என்றீர்கள்.

நான் நம்பவில்லை. வேதாகமத்தை எடுத்து, சங்கீதம் என்ற ஜெபப் பாட்டுகளின் புத்தகத்தை விரித்துக் காட்டினீர்கள். கர்த்தருக்காகப் பொறுமையுடன் காத்திருந்தேன் என்று தொடங்கும் அதே சங்கீதம். அயர்லாந்தின் யூ டூ இசைக்குழு 1983-இல் வெளியிட்ட பாட்டு அது. பாட்டின் பெயரே 'நாற்பது'. ஸ்டுடியோவில் அவர்கள் நேரம் முடியப்போகும் கடைசி நிமிடங்களில், வேதாகமத்தைப் பார்த்து உருவாக்கியது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பல வருடம் அவர்கள் கச்சேரிகளை இதைப் பாடித்தான் முடித்தார்கள். இசைக்கலைஞர்கள் ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார்கள். வந்திருந்த கூட்டம் மட்டும் "எவ்வளவு காலம்" என்ற வரியைப் பாடிக்கொண்டே இருக்கும். 6-ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று கேட்கிறாரே, அதே கேள்வி. எனக்கு அன்றைக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. நான் கேட்க நினைத்து, சபையில் கேட்கக் கூடாது என்று விழுங்கிக்கொண்டிருந்த சொல்.

அடுத்த நன்றி, இசைத்தட்டுகள் சேர்த்து வைத்திருக்கும் ஐயாவுக்கு. அந்தப் பட்டியலில் ஐந்து தடவை ஒரே பாட்டு, ஐந்து பேர் பாடியது, இருந்தது. அது யாருடைய பாட்டு என்று சொன்னது நீங்கள்தான். தாமஸ் டார்சி என்ற கறுப்பினக் கலைஞர், ஒரு காலத்தில் ப்ளூஸ் என்ற, சபைக்கு வெளியே பாடப்பட்ட கறுப்பின மக்களின் இசையில் பேர் வாங்கியவர். 1932 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் நகரத்து எழுப்புதல் கூட்டத்தில் இருந்தபோது அவருக்குத் தந்தி வந்தது. சிகாகோவில் மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டார். குழந்தையும் அடுத்து இறந்தது. தேவன் எனக்கு அநியாயம் செய்துவிட்டார், இனி அவருக்குப் பாட்டு எழுத மாட்டேன் என்று உடைந்துபோயிருந்தவர், சில நாள் கழித்துப் பியானோ முன் உட்கார்ந்து, ஏற்கெனவே சபைகளில் பாடிவந்த ஒரு மெட்டில் இந்த வரிகளைப் போட்டார்: ஆண்டவரே, என் கையைப் பிடித்துக்கொள்ளும், நான் களைத்துப்போனேன். மார்ட்டின் லூதர் கிங் சுடப்படுவதற்குச் சற்று முன்பு, அன்று இரவுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பாட்டும் இதுதான். 1968-இல் அவர் அடக்கத்தின்போது பக்திப் பாடகி மஹாலியா ஜாக்சன் இதைப் பாடினார். ஐயா, நீங்கள் இதைச் சொல்லிவிட்டு ஊசியை இறக்கியபோது தட்டின் கீறல் சத்தம்தான் முதலில் வந்தது. அந்த இரண்டு விநாடியை என்னால் மறக்க முடியவில்லை.

தம்பியோடு வண்டியில் போன நண்பர் இல்லாவிட்டால் இதெல்லாம் வெறும் தகவலாகவே நின்றிருக்கும். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் இல்லை. எதையும் விசுவாசிப்பவராகத் தன்னைச் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆனால் நான் கேட்டதும் வந்து, தெரிந்ததை மறைக்காமல் சொன்னார். நிலைமை மோசமான ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, அடுத்த அழைப்பு வருவதற்குள், தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு டார்சியின் இந்தப் பாட்டை ஒரு தடவை போடுவானாம். "அது சாமிப் பாட்டுன்னு எனக்குத் தெரியாது. அது ஓடும்போது பேசக் கூடாதுன்னு மட்டும் தெரியும்" என்றார். நண்பரே, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு ஜெபவேளையை நீங்கள் எங்களுக்குக் காட்டினீர்கள். அம்மா உங்களை இப்போது தன் ஜெபக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வாலிபர் கூடுகையைச் சேர்ந்த தங்கை ஒருத்தி, பரீட்சை நேரத்திலும் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு மூன்று வரியில் தமிழில் பொருள் எழுதிக் கொடுத்தாள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் அவள்தான். ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970-இல் பாடி, பிறகு 1978-இல் போனி எம் என்ற குழு உலகமெங்கும் கொண்டுபோன பாட்டு ஒன்று உண்டு. ஆடுவதற்கான பாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். "பாபிலோன் ஆறுகள் அருகே" என்று அவள் தொடங்கியதும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். சங்கீதம் 137 அவருக்கு மனப்பாடம். "கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் நாங்கள் பாடுவதெப்படி" என்று அவரே முடித்தார். அடக்க ஆராதனைக்குப் பிறகு அம்மா வேதவசனம் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த 31 பாட்டும் பக்திப் பாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. சில வெறும் காதல் பாட்டு, இரண்டு மூன்று எனக்குப் பிடிக்கவே இல்லை. கனடாவின் பாடகர் லியோனார்ட் கோஹன் 1984-இல் தந்த 'அல்லேலூயா'வும் அதில் இருந்தது. அதை நினைவுக் கூடுகையில் பாடலாமா என்று நான் கேட்டபோது ஐயா தடுத்தார். தாவீதும் சிம்சோனும் வருகிற பாட்டுதான், ஆனால் அதை இழுத்து ஆராதனைப் பாட்டாக்க வேண்டாம், அது சொல்வதை அது சொல்லட்டும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. கேட்கிற எல்லாவற்றிலும் நமக்கு வேண்டியதைத் திணித்துக் கண்டுபிடிப்பது, பாட்டுக்கும் மரியாதை இல்லை, ஆண்டவருக்கும் மரியாதை இல்லை. தம்பியின் விசுவாசம் எப்படி இருந்தது என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. அவன் இருட்டில் தனியாக உட்கார்ந்து எதைக் கேட்டான் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

போதகர் ஐயா, உலகப் பாட்டைச் சபைக் கூடத்தில் போடுவதா என்று சிலர் உங்களிடம் வருத்தப்பட்டது எனக்குத் தெரியும். டார்சியின் பாட்டுகளையே தொடக்கத்தில் எத்தனையோ சபைகள் ப்ளூஸ் வாடை அடிக்கிறது என்று உள்ளே விடவில்லை என்பதை நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். அவர்களையும் கூப்பிட்டீர்கள். அவர்களும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். வந்த அவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்ட தம்பிகள், நாற்காலி போட்டு எடுத்தவர்கள், கீபோர்டில் சுருதியை அம்மாவுக்காக இரண்டு கட்டை இறக்கி வாசித்த பிள்ளை, எல்லோருக்கும் நன்றி.

கடைசிப் பாட்டை யூ டூ கச்சேரிகளில் போலவே முடிக்கலாம் என்று அக்கா சொன்னது நல்ல யோசனை. தமிழில் "எதுவரைக்கும்" என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு, முதலில் சோப்ரானோ நிறுத்தினார்கள், பிறகு ஆல்ட்டோ, பிறகு பேஸ், பிறகு கீபோர்டு. சபையும் மெல்ல ஓய்ந்தது. அம்மா நிறுத்தவில்லை. யாரும் அவரை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அவராக முடிக்கும்வரை அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

டெனர் வரிசையில் என் நாற்காலியை ஒரு வருடமாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தீர்களாம். வியாழக்கிழமை பயிற்சிக்கு வருகிறேன். அக்கா வாங்கித் தந்த புது இயர்போனை அம்மா எடுத்துக்கொண்டார். போனும் இப்போது அவரிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சகோதரன்