தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவமழை தொடங்கியதும் டெல்டா கிராமங்களில் டெங்கு பற்றியும் எலிக்காய்ச்சல் பற்றியும் அறிவுரை சொல்கிறார்கள். நல்லது. பாம்புக்கடி பற்றி யாரும் பேசக் காணோம். சம்பா வயலில் தண்ணீர் ஏறினால் எலியும் தவளையும் மேடு தேடி வரும்; பின்னாலேயே பாம்பும் வரும். மழைக்காலத்தில் நம் ஊர்களில் மேடென்று இருப்பது வீடும் வைக்கோல் போரும்தானே!

வரப்பில் கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பெரிய கவலை இரவில் நடமாடும் கட்டுவிரியன்தான். பாயில் தூங்குபவரை அது கடித்தால் பல்தடம்கூடப் பெரும்பாலும் தெரியாது, வலியும் அதிகம் இருக்காது. விடியும் நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி என்பார்கள். வீட்டில் ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் கண் இமை சரியும், நாக்குக் குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சும் நின்றுபோகும். இந்த மாதங்களில் தரையில் படுத்து எழுந்தவருக்கு இப்படி ஆனால் முதலில் பாம்பை நினையுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கடிபட்டவரை நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடிக்கவும் வேண்டாம். இங்கே போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. மந்திரிக்கப் போனால் வீணாவது உயிர் பிழைக்கும் நேரம்.

கட்டில் இருந்தால் கட்டில். இல்லாத வீட்டில் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிப் படுத்தால் பாம்பு உள்ளே வருவது அரிது. கொசுவுக்கும் ஆயிற்று. நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகும் பெண்களின் குடும்பங்களுக்கு ஊராட்சிகள் இதை இலவசமாகவே கொடுக்கலாம்.

தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அந்த அக்கறை ஊர்வரை வர வேண்டும். நள்ளிரவிலும் விஷமுறிவு மருந்தும் செயற்கை சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனை எது என்று ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் எழுதி வைக்கச் சுகாதாரத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்கான அந்தப் பட்டியலைக் கார்த்திகை பிறப்பதற்குள் தங்கள் இதழிலும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம்